இடமிருந்து மூன்றாவது

அக்கா,

செவ்வாய்க்கிழமை பிற்பகல் உங்கள் பழைய கட்டடத்தின் காவலாளி பாலிகஞ்சிலிருந்து தாக்குரியாவில் என் வீடு வரை நடந்தே வந்து ஒரு தடித்த உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே உங்கள் பெயர். அதன் கீழே, ‘லெப்டினன்ட் சங்கரனின் நெருங்கிய உறவினர்’ என்று தட்டச்சு செய்திருந்தது. மாஷிமா, உங்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், இறந்து ஒன்பது மாதமாகிறது என்று தபால்காரரிடம் சொல்லியும் அவர் கேட்காமல் கொடுத்துவிட்டாராம். உங்கள் வீட்டை வாங்கியவர்கள் வேண்டாம் என்றதும், காவலாளிக்கு என் நினைவு வந்திருக்கிறது.

பிரித்ததும் வார்னிஷ் பூசிய புதுத் தாளின் வாடை அடித்தது. இருபது பக்கச் சிறு புத்தகம். ‘சங்கரன்’ கப்பலைப் பணியிலிருந்து விடுவிக்கும் விழாவுக்காக அச்சிட்டது. முதல் பக்கத்தில் கப்பலின் படம். அடுத்த பக்கத்தில் அதன் வரலாறு. ஹூக்ளிக் கரையில் கட்டப்பட்டது. அந்தமான் பக்கம் காவல் சுற்றியது. புயலடித்த ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோனது. திசை தவறிய மீனவர்களைக் கரை சேர்த்தது. ஒருமுறைகூடப் போரில் சுட நேரவில்லை. இவ்வளவும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள், நான் சரிபார்த்தேன்.

மூன்றாவது பக்கம், பெயருக்கு உரியவரைப் பற்றியது. நம் நாட்டில் போர்க்கப்பலுக்கு ஆறு, மலை, ஊர், ஆயுதம் என்று பெயர் வைப்பார்கள். மனிதர் பெயர் வைப்பது அபூர்வம். அப்படி வைத்தால் அந்த மனிதரின் கதையைக் கப்பலில் ஏறும் ஒவ்வொரு புது ஆளுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கதையும் பிழையில்லாமல் இருக்கிறது. புயலில் பழைய கப்பலின் இயந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்தது, லெப்டினன்ட் சங்கரன் தன் ஆட்களை மேலே ஏற்றிவிட்டு உள்ளே நின்று மூடியை இழுத்துச் சாத்தினார், அதனால் மற்றவர்கள் படகுகளில் இறங்க நேரம் கிடைத்தது, அவர் கப்பலோடு போனார். வயது இருபத்தைந்து. அதற்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு முகம்.

உங்கள் அண்ணன் முகம் இல்லை அது. பழைய அதே தவறான முகம்தான், அக்கா. கடைசி வரைக்கும் அதேதான்.

கூட ஒரு கடிதமும் இருந்தது. கொடி இறக்கிய பிறகு கப்பலை உடைக்கப்போவதில்லையாம். நடுக்கடலுக்கு இழுத்துப்போய், ஏவுகணை விட்டுப் பழகுவதற்கு இலக்காக நிறுத்துவார்கள். அதற்கு முன் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அதிகாரிகள் சாப்பிடும் வார்ட்ரூமில் இருந்த, அதே முகத்தின் ஓவியம் காட்சிக்கூடத்துக்குப் போகிறது. ‘அந்த மாவீரரின் திருமுகம் இனி பொதுமக்களும் காணும்படி நிரந்தரமாக வைக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இதை நான் வேறு யாரிடம் சொல்ல முடியும்?

உங்களை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது, கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் நிருபர். மறுநாள் கப்பலைத் தண்ணீரில் இறக்கும் விழா. பெயருக்கு உரியவரின் தங்கை பாலிகஞ்சில் இருக்கிறார், வங்கி அதிகாரி, நம் ஊர்க்காரர் என்று யாரோ சொன்னார்கள். செய்தி ஆசிரியர் என்னை அனுப்பினார். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து, தரைத்தளம். திருநெல்வேலியிலிருந்து உங்கள் அப்பா ரயில்வே குமாஸ்தாவாக வந்த நாளிலிருந்து அதே வீடு. இரண்டு தலைமுறை கல்கத்தாவில் கழித்தும் உங்கள் பேச்சில் தாமிரபரணி போகவில்லை.

“தமிழ் பேசுத ரிப்போர்ட்டர்தான் வேணும்னு நானே கேட்டேன். வங்காளிங்க எழுதுனா அண்ணன் பேரை ஷொங்கோர்னு போட்டுருவாங்க” என்றீர்கள்.

ஒரு வங்கி உறையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தீர்கள். ஏதோ கப்பலின் மேல்தளத்தில் ஏழு இளம் அதிகாரிகள். எல்லாரும் வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி. எதிர்வெயில். நீங்கள் விரலால் தொடாமல், விரலைக் கொஞ்சம் மேலே நிறுத்திக் காட்டினீர்கள்.

“இடமிருந்து மூணாவது. கண்ணைச் சுருக்கிட்டு நிக்காகளே, அதான் அண்ணன்.”

ஏழு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நின்றார்கள். நான் படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக ‘இ.மூன்று’ என்று எழுதினேன். அவருடைய உயரம், படிப்பு, பிடித்த சாப்பாடு எல்லாம் கேட்டேன். வேறு படம் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. என் தொழிலில் இரவல் படம் வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி அது.

பிறகு அலுவலகத்தில் நடந்ததை உங்களிடம் ஒருமுறைதான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். அதை இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன். புகைப்படக்காரர் உங்கள் படத்தை நகல் எடுத்தார். டார்க் ரூமில் அந்த நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். திருப்பிப் போட்டால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகும், வலம் இடமாகும். என் மேசைக்கு வந்த நகல் அப்படிப்பட்டது. அசலை அருகில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். உறைக்குள் இருந்ததை நான் எடுக்கவில்லை. இடமிருந்து மூன்றாவது தலையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டு, நானே கத்தரிக்கோலால் வெட்டி அச்சுக்கான பிளாக் செய்ய அனுப்பினேன். மீதி ஆறு பேரைக் குப்பைக்கூடையில் போட்டேன். உங்கள் அண்ணன் அந்த ஆறு பேரில் இருந்தார்.

விழா அன்று காலைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. கப்பல் வழுக்கித் தண்ணீரில் இறங்கியதை நான் பார்த்தேன். தேங்காய் உடைத்து, சங்கு ஊதி, கரையெல்லாம் கைத்தட்டல். நீங்கள் அழைப்பிருந்தும் வரவில்லை. ஏன் என்று பிற்பகல் தெரிந்தது. என் மேசைக்கு முன்னால் மடித்த பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

“தம்பி, இது யாரு?”

“உங்க அண்ணன்தான் அக்கா.”

“எங்க அண்ணன் இல்ல. அண்ணனோட கூட்டாளி. அந்தப் போட்டோவை எங்க அம்மாகிட்ட கொண்டாந்து குடுத்தவரு இவருதான்.” படத்தை என் பக்கம் திருப்பினீர்கள். “அதோட இன்னொண்ணு. நேவியில இப்போ ஆம்பிளைகளுக்குப் பொம்பளை சட்டையா குடுக்காங்க? பட்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டனைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. நெகட்டிவ் திரும்பியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சரியான முகத்தை நாளைக்கே போட்டுவிடலாம், அசலை எடுங்கள் என்றீர்கள். இழுப்பறையைத் திறந்தேன். உறை இல்லை. மேசைமேல் இல்லை. மேசைக்குக் கீழே கூடை காலியாக இருந்தது. காலையில் கூட்டுபவர் வந்துபோயிருந்தார்.

“பத்திரமா இருக்கு அக்கா. லைப்ரரியில வச்சிருக்கேன்” என்றேன்.

அந்த வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று முப்பது வருடத்துக்கு மேலாக யோசித்திருக்கிறேன். தேடினால் கிடைத்துவிடும் என்று நிஜமாகவே நினைத்தேன். நான்கு நாள் தேடினேன். நகல் நெகட்டிவை வைத்திருக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஐந்தாம் நாள் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நூலகர் விடுப்பில் இருக்கிறார் என்றேன். பிறகு பூஜை விடுமுறை என்றேன். நீங்கள் அவசரப்படுத்தவே இல்லை. “நேரம் கெடைக்கும்போது கொண்டாங்க தம்பி. உங்ககிட்டத்தானே இருக்கு” என்பீர்கள். படம் வந்ததும் நீங்களே அதைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பல் கட்டும் தளத்துக்குப் போய்ச் சொல்வதாக இருந்தீர்கள். அதற்காகத்தான் காத்திருந்தீர்கள். நீங்கள் காத்திருந்த மாதங்களில் அங்கே யாரோ எங்கள் பத்திரிகையிலிருந்து அந்தப் படத்தை வெட்டி எடுத்து, ஓர் ஓவியரிடம் கொடுத்திருந்தார்கள்.

நாங்கள் திருத்தம் போட்டோம். இரண்டு வாரம் கழித்து, உள்பக்கத்தில், ஹூக்ளியின் அலை நேர அட்டவணைக்குக் கீழே மூன்று வரி. அதை யாரும் வெட்டி எடுத்துவைக்கவில்லை.

கப்பல் கடற்படையில் சேர்ந்த நாளில் உங்களை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சாம்பல் நிறக் கப்பலின் பக்கத்தில் உங்கள் அண்ணன் பெயர் பித்தளையில் மின்னியது. பிறகு உங்களை வார்ட்ரூமுக்கு அழைத்துப் போனார்கள். நிருபர்கள் வாசலில் நின்றோம். தலைமை அதிகாரி ஒரு சிறு திரையை விலக்கினார். நல்ல ஓவியம்தான். அந்தக் கூட்டாளியின் தாடை, மூக்கு, சுருங்கிய கண், எல்லாம் அப்படியே. பத்திரிகைப் படத்தில் தவறான பக்கம் இருந்த பட்டனை மட்டும் ஓவியர் சீருடை விதிப்படி சரியான பக்கத்துக்கு மாற்றியிருந்தார்.

சாயல் சரியாக வந்திருக்கிறதா அம்மா என்று தலைமை அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்களும் ஆங்கிலத்தில் பதில் சொன்னீர்கள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அங்கே நீங்கள் சத்தம் போடவில்லை. அவரைத் தனியாக அழைத்துச் சொன்னீர்கள். அவர் நல்ல மனிதர். குறிப்பேட்டை எடுத்தார். சரியான படம் ஒன்று கொடுங்கள், மாற்றிவிடுகிறேன் என்றார். நீங்கள் திரும்பி, வாசலில் நின்ற என்னைக் காட்டினீர்கள். இந்தத் தம்பியிடம் இருக்கிறது என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

படம் தொலைந்ததை டாக்ஸியில் சொன்னேன். கார்டன் ரீச்சிலிருந்து கிடர்பூர் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். கரியாஹாட் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். நடைபாதைக் கடையில் வாழைப்பூ பொறுக்கினீர்கள். கடைக்காரரிடம் வழக்கம்போல வங்காளத்தில் சண்டை போட்டீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்க்காமல் பேசினீர்கள்.

“அண்ணன் உடம்பு கெடைக்கலைல்லா. கங்கையில கரைக்கச் சாம்பல் வேணும்லா. அப்பா வீட்டுல இருந்த அண்ணன் போட்டோ அத்தனையையும் மூட்டை கட்டி, பாபு காட் படியில நின்னு தண்ணியில விட்டாக. அப்புறம் ஆறு மாசம் கழிச்சு அந்தக் கூட்டாளி வந்து இதைக் குடுத்தாரு. அப்பா கண்ணுல படாம அம்மா அரிசி டின்னுக்குள்ள வச்சிருந்தா, சாகுத வரைக்கும்.” வாழைப்பூவை மடியில் நேராக வைத்தீர்கள். “நான் அதைக் கொண்டாந்து உங்க கையில குடுத்தேன். உங்களைச் சொல்லலை தம்பி. நான்தான் குடுத்தேன்.”

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். பிறகும் ஒருமுறைகூடத் திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் கடிதம் தட்டச்சு செய்தேன். எவ்வளவு கடிதம், அக்கா. உங்கள் அண்ணனின் பழைய சேவைக் கோப்பை நமக்காகத் தேடி எடுத்தார்கள். முதல் பக்கத்தில் படம் ஒட்டியிருந்த சதுரத்தில் உலர்ந்த பசையின் பழுப்பு மட்டும் இருந்தது. படம் எடுத்த விசாகப்பட்டினம் ஸ்டுடியோ செருப்புக் கடையாகியிருந்தது. ஏழு பேரில் மூவரைத் தேடிப் பிடித்தோம், அந்தக் கூட்டாளி அகப்படவில்லை. ஒருவரிடமும் பிரதி இல்லை. கப்பலுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைமை அதிகாரி மாறுவார். புதியவருக்குப் புதுக் கடிதம். அவர்கள் எல்லாரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். சரியான படத்தை அனுப்புங்கள்.

ஒரு தடவை, படமே வேண்டாம், அதைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் மாட்டுங்கள் என்று எழுதச் சொன்னீர்கள். அப்படி வழக்கமில்லை என்று பதில் வந்தது. “முகம் இல்லாத பேருக்கு யாரு சல்யூட் அடிப்பா? அவங்களும் என்ன செய்வாங்க பாவம்” என்றீர்கள்.

நகரின் கிழக்கே சால்ட் லேக் போன நாளை நான் மறக்கவில்லை. நீங்கள் ஓய்வுபெற்று வெகுநாள் ஆகியிருந்தது. முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்தீர்கள். ஓய்வுபெற்ற கடற்படையினர் கூட்டம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருந்தேன். உங்கள் அண்ணனின் கூட்டாளி. எண்பதை நெருங்கிய வங்காளி, மனைவி இல்லை, மாடியில் தனியாக. உங்களை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. இரட்டைப் பின்னலோடு கதவைத் திறந்த பெண்ணா நீ என்று கேட்டார். தேநீர் தானே போட்டுக் கொண்டுவந்தார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

தெரியும் என்றார்.

கமாண்டராக இருந்த காலத்தில் ஒருமுறை அந்தக் கப்பலில் விருந்துக்குப் போயிருக்கிறார். தலை நரைத்து, உடல் பெருத்திருந்த நேரம். ஓர் இளம் அதிகாரி அவரை ஓவியத்துக்கு முன்னால் நிறுத்தி, லெப்டினன்ட் சங்கரனின் கதையை ஒப்பித்தான். என் முகத்துக்குக் கீழே நின்று என் முகத்தைப் பார்த்தபடியே நான் எப்படிச் செத்தேன் என்று எனக்குச் சொன்னான் என்றார். அவனுக்குச் சந்தேகமே வரவில்லையாம்.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். நிருபர் கேட்கும் தொனியில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவர் கோபப்படவில்லை. கடைசியாக மேலே ஏறியவன் நான்தான் என்றார். சங்கரன் முதுகில் கை வைத்துத் தள்ளினான், ஏறினேன், உள்ளிருந்து மூடியைச் சாத்திவிட்டான். படத்தில் இருப்பது நான்தான் என்று அந்தப் பையனிடம் சொன்னால், அப்படியானால் சங்கரன் எங்கே என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு நான் சங்கரனின் அம்மாவுக்கே பதில் சொல்லவில்லை. என்னிடம் இருந்த ஒரே படத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன் என்றார்.

நான் தொலைத்தது அவருடைய படமும்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது. அவரிடம் வேறு பிரதி இருக்கும் என்று நம்பித்தான் உங்களை அங்கே அழைத்துப் போயிருந்தேன்.

அவர் உண்மையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ‘ஓவியத்தில் இருப்பவன் நான், நான் உயிரோடு இருக்கிறேன்.’ அதை அனுப்பினோம். குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. கப்பல் விரைவில் பணி முடிக்க இருப்பதால் ஓவியம் குறித்துப் பின்னர் முடிவெடுக்கப்படும், சரியான படம் இருந்தால் அனுப்பவும்.

சால்ட் லேக்கிலிருந்து திரும்பும் வழியில்தான் நீங்கள் வரைந்து பார்க்கலாமே என்றீர்கள். உங்களுக்குப் பதினாலு வயதில் போன அண்ணன். நீங்கள் சொல்லச் சொல்ல ஒருவர் வரைவது என்று முடிவாயிற்று. உங்கள் கட்டடத்து மேல்மாடியில் ஓவியக் கல்லூரியில் படித்த பெண் இருந்தாள், துலி. உங்களைத் திதா, அதாவது பாட்டி, என்று கூப்பிடுவாள். மூன்று ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்தோம். நெற்றி அகலமா என்று கேட்பாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வங்காளத்தில் சொல்வீர்கள். காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். புருவம் நடுவில் சேராது. தாடை சதுரம். அவள் அழித்து அழித்து வரைவாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நம்பிக்கை வந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் ஞாயிறு உருவம் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு கொஞ்சம் வந்தது. மூன்றாம் ஞாயிறு அவள் பென்சிலை வைத்ததும், “ஆமா, இதுதான்” என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

துலி தாளைத் திருப்பி எனக்கும் காட்டினாள்.

நான் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னொரு பொய், ஒரே ஒரு பொய், அன்று உங்களுக்கு நல்லது செய்திருக்கும். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள். தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள். சால்ட் லேக்காரரின் தாடை. சால்ட் லேக்காரரின் மூக்கு.

தாளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: “எனக்கும் இவருதான் வாராரு தம்பி. எத்தனை வருசமா இந்த முகத்தை ‘இல்ல, இல்ல’ன்னு பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். அண்ணன் போயிட்டாக.”

துலிக்குத் தமிழ் தெரியாது. படம் பிடித்திருக்கிறதா திதா என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்று சொல்லி அவளுக்குச் சந்தேஷ் இனிப்பு எடுத்துக் கொடுத்தீர்கள். அதன் பிறகு நாம் எந்தக் கடிதமும் எழுதவில்லை. ஞாயிறுகளில் நான் வந்தேன். நீங்கள் தேர்தல் பற்றியும் வங்கிப் பென்ஷன் பற்றியும் பேசினீர்கள். அண்ணன் என்ற சொல் அந்த வீட்டில் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் போனீர்கள். நீங்கள் சொல்லிவைத்தபடி நான்தான் எல்லாம் செய்தேன். உங்கள் சாம்பலைப் பாபு காட்டுக்குத்தான் கொண்டுபோனேன்.

புதன்கிழமை காலை, உறையில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசினேன். ஓர் இளம் பெண் அதிகாரி எடுத்தார். பொறுமையாகக் கேட்டார். ஓவியத்தின் கீழே ஒரு வரி, ‘இது அவர் உருவம் அன்று’ என்று ஒரே வரி சேர்க்கமுடியுமா என்று கேட்டேன். முடியலாம் சார், ஆனால் விண்ணப்பம் நெருங்கிய உறவினரிடமிருந்து வரவேண்டும் என்றார். உறவினர் யாரும் இப்போது இல்லை என்றேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் சார் என்று கேட்டார்.

அவருடைய படத்தைத் தொலைத்தவன் என்றேன்.

அவர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, படிவத்தில் அதற்கு இடமில்லை சார் என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். விழாவுக்கு வருகிறீர்களா என்றார். வரவில்லை என்றேன்.

அக்கா, அந்தப் படத்தை உங்கள் குடும்பத்துக்கு வெளியே கடைசியாகக் கையில் வைத்திருந்தவன் நான். உங்கள் கூடத்தில் ஐந்து நிமிடம், டிராமில் ஒருமுறை உறையைத் திறந்து ஒரு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் அவர் முகம் என் கண்ணில் பட்டிருக்கத்தான் வேண்டும். தெருக்களின் பெயர், அமைச்சர்கள் சொன்ன பொய், தீ பிடித்த கட்டடத்தின் மாடி எண்ணிக்கை எல்லாம் நினைவில் வைத்திருக்கிற எனக்கு அது இல்லை. நான் அதைப் பார்க்கவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

இன்று சியால்டா போகும் வண்டியில் எதிரே ஓர் இளைஞன் நின்றிருந்தான். இருபத்தைந்து இருக்கும். கதவோரத்தில் வெயில் அடித்ததால் கண்ணைச் சுருக்கியிருந்தான். காது கொஞ்சம் வெளியே தள்ளி, புருவம் நடுவில் சேராமல். பாலிகஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படித்தான் நான் இப்போது வண்டியில் போகிறேன், அக்கா. அந்த வயதில் யார் நின்றாலும் பார்க்கிறேன். எவர் முகமும் அவருடையதாக இருக்கலாம், இல்லையென்று சொல்ல இனி ஒருவரும் இல்லை. அவன் இரண்டு தடவை என்னைக் கவனித்தான். “கீ தேக்சேன், தாது?” என்று கேட்டான். என்ன பார்க்கிறீர்கள், தாத்தா?

ஒன்றுமில்லை என்றேன். பார்க் சர்க்கஸில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டான்.